மேலிருந்து விராலடிப்பான், கீழிருந்து லாம்ப்ரே

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'ஒரு வேட்டைப் பறவையையும் ஒரு தாடையற்ற மீனையும் ஒப்பிடுக' என்று வகுப்பில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று பறக்கும், இன்னொன்று நீந்தும் என்பதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் 'பறவை', 'மீன்' என்ற பொதுப்பெயர்களை விட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு இனத்தைத் தேர்ந்தெடுங்கள். பறவைக்கு விராலடிப்பானையும் மீனுக்குக் கடல் லாம்ப்ரேயையும் பரிந்துரைக்கிறோம். விராலடிப்பான் கிட்டத்தட்ட மீனை மட்டுமே தின்னும். வளர்ந்த கடல் லாம்ப்ரே மீனின் இரத்தத்தைக் குடித்து வாழும். இரண்டுக்கும் இரை மீன் என்பதால், ஒப்பீடு இரை பிடிக்கும் தொழிலை ஒட்டி நிற்கும்.

அடுத்து, எந்தப் பருவத்தை எடுக்கிறீர்கள் என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். லாம்ப்ரேயின் இளவுயிரி கண் தோலுக்கடியில் புதைந்து, பல்லே இல்லாமல், சேற்றுக்குள் கிடந்து நீரை வடிகட்டித் தின்னும். தோற்றத்தில் அவ்வளவு வேறுபாடு இருந்ததால் அதைத் தனிப் பேரினம் என்றே ஒருகாலத்தில் வைத்திருந்தார்கள். 1856-ல்தான் அது லாம்ப்ரேயின் குட்டிப் பருவம் என்று தெளிவானது. ஆய்வுக்கூட ஸ்லைடில் இருப்பது பெரும்பாலும் இந்த இளவுயிரி, ஜாடியில் இருப்பது வளர்ந்தது. இரண்டின் குறிப்புகளையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதால்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது.

அட்டவணையை வேறுபாட்டில் தொடங்காதீர்கள், ஒற்றுமையில் தொடங்குங்கள். இரண்டுக்கும் மண்டையோடு உண்டு. மூளை முன், நடு, பின் என்று பிரிந்திருக்கும். முதுகுப்புறம் உள்ளீடற்ற நரம்புத்தண்டு, கருவில் முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியான வளையும் தண்டு), தொண்டையின் இருபுறமும் பைகள், ஹீமோகுளோபின் கொண்ட இரத்தம், மூடிய இரத்த ஓட்டம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே இரண்டுக்கும் பொது.

பிறகு வேறுபாடுகள். லாம்ப்ரேக்குத் தாடை இல்லை, இணைத்துடுப்பு இல்லை, செதில் இல்லை, எலும்பு இல்லை. உடம்பைத் தாங்குவது குருத்தெலும்பும் ஆயுள் முழுக்க நீடிக்கும் முதுகுநாணும். முதுகெலும்பின் அடையாளமாக நரம்புத்தண்டின் இருபக்கமும் சின்னச் சின்னக் குருத்தெலும்புத் துண்டுகள் மட்டும் இருக்கும். நாசித்துளை ஒன்றே ஒன்று, அதுவும் தலையின் உச்சியில். உட்காதில் உடல் சமநிலைக்கான அரைவட்டக் குழாய்கள் இரண்டு, பறவைக்கு மூன்று. நரம்பிழைகளின் மேல் மையலின் உறை (நரம்புச் செய்தியை வேகப்படுத்தும் கொழுப்புறை) இல்லை. இந்தக் கடைசிக் குறிப்பை எழுதுகிறவர்கள் குறைவு, எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

'இல்லை' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னோருக்கு இருந்து போனதா, ஆரம்பத்திலிருந்தே கிடையாதா? பறவைக்குப் பல் இல்லாதது இழப்பு, ஏனென்றால் அதன் டைனோசர் முன்னோர்களுக்குப் பல் இருந்தது. லாம்ப்ரேக்குத் தாடை இல்லாதது இழப்பல்ல. தாடை தோன்றுவதற்கு முன்பே அதன் கிளை பிரிந்துவிட்டது. இரண்டையும் ஒரே 'இல்லை'யில் அடைத்துவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளே போய்விடும்.

கேள்வி: மீன் வழுக்கும். தாடை இல்லாத ஒன்றும் பல் இல்லாத ஒன்றும் அதை எப்படிப் பிடித்துவைத்துக்கொள்கின்றன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: விராலடிப்பானுக்கு எல்லா வேலையும் காலில். அதன் பாதத்தின் அடியில் கூரிய சிறு முட்கள் அரம்போல நெருக்கமாக இருக்கும். நான்கு விரல்களில் வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்ப முடியும். அப்போது முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று மீனின் இருபக்கமும் சமமாகப் பிடி விழும். மற்ற வேட்டைப் பறவைகளின் நகத்தில் அடிப்புறம் ஒரு பள்ளம் ஓடும். இதன் நகம் முழுக்க உருண்டையானது, நன்றாக வளைந்தது.

பறவை 10 முதல் 40 மீட்டர் உயரத்தில் பறந்தபடி தேடும். இலக்கு அகப்பட்டால் ஓரிடத்தில் நின்று சிறகடிக்கும். பிறகு தலைகீழாகப் பாய்ந்து, நீரைத் தொடுமுன் காலை முகத்துக்கு முன்னே நீட்டி, சிறகைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு விழும். மூக்குத்துளைகள் மூடிக்கொள்ளும். இவ்வளவு செய்தும் அதிகபட்சம் ஒரு மீட்டர் ஆழம்தான் போகும். எனவே மேல்நீரில் திரியும் மீனும் ஆழமில்லாத இடத்து மீனுமே அகப்படும். கலங்கிய நீரும் காற்றடித்துச் சிற்றலை எழும் நீர்ப்பரப்பும் அதற்குப் பட்டினி நாள்கள். வழக்கமான பிடி 150 முதல் 300 கிராம் மீன். மேலே எழும்பியதும் உடம்பை உதறித் தண்ணீரைத் தள்ளிவிட்டு, மீனின் தலை முன்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளும். குறுக்காகத் தூக்கினால் காற்று தடுக்கும். நகம் மீனில் மாட்டினால் விடவே முடியாது, பறவை மூழ்கிச் செத்துவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். பாரம் அதிகமானால் அது விட்டுவிடும்.

லாம்ப்ரேயின் வாய் ஒரு வட்டத்தட்டு. ஓரத்தில் மெல்லிய தசைக் குஞ்சங்கள் வரிசையாக இருக்கும், அவை மீனின் தோலோடு ஒட்டிக் காற்றும் நீரும் புகாமல் அடைக்கும். தொண்டைப்புறம் உறிஞ்சினால் உள்ளே அழுத்தம் குறைந்து தட்டு பிடித்துக்கொள்ளும். மைய வாயைச் சுற்றி வட்டவட்டமாகப் பற்கள். மீன் திமிறும்போது வழுக்காமல் காப்பது அவற்றின் வேலை. துளை போடுவது நாக்கு. உந்துதண்டுபோல முன்னும் பின்னும் போய்வரும் அந்த நாக்கின் நுனியில் கூரிய பல்தகடுகள் உண்டு, செதிலையும் தோலையும் அவை சுரண்டி எடுக்கும். பிறகு வாய்ச்சுரப்பியிலிருந்து லாம்ப்ரெடின் என்ற நீர் காயத்தில் இறங்கும். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும், சதையையும் கரைக்கும்.

லாம்ப்ரேயின் 'பல்' நம் பல்லைப் போல டென்டினும் எனாமலும் அல்ல. அது கெரட்டின், நம் நகம் எந்த வகைப் பொருளோ அந்த வகை. விராலடிப்பானின் அலகின் மேலுறையும் கால்நகமும்கூடக் கெரட்டின்தான், வகை மட்டும் வேறு. தாடையில்லாததற்குக் கெரட்டின் பல், பல்லில்லாததற்குக் கெரட்டின் அலகு! தேர்வில் 'லாம்ப்ரேக்குப் பற்கள் உண்டு' என்று மொட்டையாக எழுதாமல் 'கொம்புப்பொருள் பற்கள்' என்று எழுதுங்கள்.

கேள்வி: வாயை மீனின் மேல் ஒட்டிவைத்திருக்கும்போது லாம்ப்ரே எப்படி மூச்சுவிடும்?
– ஆசிரியர், பட்டுக்கோட்டை

பதில்: எங்களுக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். சாதாரண மீன் வாய் வழியே நீரை எடுத்துச் செவுள் வழியே வெளியே விடும். ஒரே திசை. ஒட்டிக்கொண்டிருக்கும் லாம்ப்ரேயால் அது முடியாது. அதன் தலைக்குப் பின்னே பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள் உண்டு. செவுளைச் சுற்றியுள்ள தசை சுருங்கினால் நீர் அந்தத் துளைகள் வழியே வெளியேறும். தசை தளர்ந்ததும் செவுளைச் சூழ்ந்த குருத்தெலும்புக் கூடை தானாக விரிந்து, அதே துளைகள் வழியே நீர் உள்ளே வரும்.

உள்ளே இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. வளர்ந்த லாம்ப்ரேயின் தொண்டை மேல்கீழாக இரண்டு குழாய்களாகப் பிரிந்திருக்கும். மேலே உணவுக்குழாய், கீழே பின்முனை அடைபட்ட சுவாசக்குழாய். சுவாசக்குழாயின் வாசலில் ஒரு தடுப்பு மடிப்பு. குடிக்கும் இரத்தம் செவுளுக்குப் போகாமலும், செவுள் நீர் இரத்தத்தோடு கலக்காமலும் இதனால் பிரிந்திருக்கும். சேற்றில் கிடக்கும் இளவுயிரிக்கு இந்தப் பிரிவு இல்லை, அதற்குத் தேவையும் இல்லை.

இப்போது பறவையைப் பாருங்கள். நாம் மூச்சை உள்ளே இழுத்து அதே வழியில் விடுகிறோம். பறவைக்கோ காற்றுப்பைகள் உண்டு, வழக்கமாக ஒன்பது. இழுத்த காற்றின் பெரும்பகுதி முதலில் பின்பைகளுக்குப் போய், மூச்சை விடும்போது நுரையீரல் வழியே ஓடி, அடுத்த இழுப்பில் முன்பைகளுக்கு வந்து, அடுத்த விடுப்பில் வெளியேறும். நுரையீரலில் காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. ஆக, காற்றைச் சுவாசிக்கும் பறவை சாதாரண மீனைப்போல ஒருவழியாகவும், நீரைச் சுவாசிக்கும் லாம்ப்ரே நம்மைப்போல போன வழியே திரும்பியும் மூச்சுவிடுகின்றன. 'முன்னேறியது – பின்தங்கியது' என்று வரிசைப்படுத்த நினைப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

உச்சியில் உள்ள ஒற்றை மூக்குத்துளைக்கு இதில் பங்கு ஏதுமில்லை. லாம்ப்ரேயில் அது மோப்பத்துக்கு மட்டும், உள்ளே முட்டுச்சந்து. இன்னொரு தாடையற்ற மீனான ஹேக்மீனில் அந்தத் துளை தொண்டைக்குள் திறக்கும், மூச்சுக்கான நீர் அதன் வழியே வரும்.

கேள்வி: லாம்ப்ரே 'உயிருள்ள புதைபடிவம்' என்கிறார்களே? அதிலிருந்துதானே மற்ற மீன்களும் பிறகு பறவைகளும் வந்தன?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. லாம்ப்ரேயும் விராலடிப்பானும் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது முன்னோரிடமிருந்து வந்த இரண்டு கிளைகள். பிரிந்த பிறகு இரண்டுக்கும் ஓடிய காலம் ஒன்றேதான்.

உருவம் அதிகம் மாறவில்லை என்பது ஓரளவு உண்மை. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ப்ரிஸ்கோமைசான் என்ற லாம்ப்ரேப் புதைபடிவம் 36 கோடி ஆண்டுப் பழையது, அதிலேயே உறிஞ்சு வட்டும் பற்களும் இருக்கின்றன. ஆனால் 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று பழைய கருத்தைக் கவிழ்த்துவிட்டது. பழங்கால லாம்ப்ரேக்களின் குஞ்சுகளின் புதைபடிவங்களில் பெரிய கண்ணும் பல்வட்டும் அப்போதே இருந்தன. சேற்றில் வடிகட்டித் தின்னும் பருவத்தின் தடயமே இல்லை. எல்லா முதுகெலும்பிகளின் முன்னோரும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பாடநூல்கள் காட்டிவந்த அந்த இளவுயிரி, லாம்ப்ரே பின்னாளில் சேர்த்துக்கொண்ட புதுமை!

உடம்புக்குள்ளும் பழமை என்று சொல்ல முடியாதவை நிறைய. நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களின் இடத்தில் லாம்ப்ரே முற்றிலும் வேறு வகைப் புரதத்தை வைத்திருப்பது 2004-ல் தெரியவந்தது. லாம்ப்ரேயின் கரு வளரும்போது உடல் செல்கள் மரபுப்பொருளின் ஒரு பகுதியையே வெட்டி எறிந்துவிடும், முழுத்தொகுப்பு இனப்பெருக்கச் செல்லில் மட்டும் இருக்கும்.

உறவுமுறையிலும் ஒரு வேடிக்கை. லாம்ப்ரே கடிக்கும் ஏரி ட்ரௌட் மீனுக்கு நெருங்கிய சொந்தம் லாம்ப்ரே அல்ல, விராலடிப்பான். தாடை, இணைத்துடுப்பு (பறவைக்கு அதுவே சிறகும் காலும்), மையலின், மூன்று அரைவட்டக் குழாய்கள் எல்லாம் ட்ரௌட்டுக்கும் பறவைக்கும் உண்டு, லாம்ப்ரேக்கு ஒன்றுகூட இல்லை.

கேள்வி: ஆண்டாரியோ ஏரியில் பிடித்த ட்ரௌட்டின் விலாவில் வட்டமாக ஒரு புண் இருந்தது. லாம்ப்ரே என்றார்கள். அந்த மீனைச் சாப்பிடலாமா? இத்தனை ஆண்டுகளாக ஏன் இதை ஒழிக்க முடியவில்லை?
– வாசகர், டொராண்டோ

பதில்: நடுவில் ஆழமான துளை, சுற்றிலும் பல் பதிந்த வட்டம் என்றால் லாம்ப்ரேதான். புண்ணைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். அந்த ஏரி மீனில் நீங்கள் கவலைப்பட வேண்டியது புண்ணைப் பற்றியல்ல, மாசுகளைப் பற்றி. பி.சி.பி. போன்ற தொழிற்சாலை வேதிப்பொருள்கள் கொழுப்பில் சேரும். எனவே தோல், முதுகுக்கொழுப்பு, வயிற்றுக்கொழுப்பை நீக்கி, கொழுப்பு வடியும்படி சுட்டெடுங்கள். பாதரசம் சதையிலேயே இருக்கும், வெட்டினாலும் சமைத்தாலும் போகாது. எந்த ஏரியில் எந்த மீனை எந்த நீளம்வரை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று ஆண்டாரியோ மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். ஒட்டியபடியே லாம்ப்ரே கிடைத்தால் உயிரோடு நீரில் விடாதீர்கள்.

இது அங்கே வந்த கதை: வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஒன்றான ஆண்டாரியோ ஏரியில் 1835-லேயே கடல் லாம்ப்ரே பதிவாகியிருக்கிறது. மேலே உள்ள ஏரிகளுக்குப் போகவிடாமல் நயாகரா அருவி தடுத்தது. அருவியைச் சுற்றிப் போகும் வெல்லண்ட் கால்வாயைத் திருத்தி ஆழப்படுத்தியதும் வழி திறந்தது. ஈரி ஏரியில் 1921, மிச்சிகனில் 1936, ஹியூரனில் 1937, சுப்பீரியரில் 1938. ஒரு லாம்ப்ரே ஒட்டுண்ணியாக வாழும் 12 முதல் 18 மாதங்களில் 18 கிலோ வரை மீனைக் கொல்லும். மேல் ஏரிகளில் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு பிடிபட்ட ட்ரௌட் 1960-களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டுக்கு இறங்கியது. அளவுமீறிய மீன்பிடிப்புக்கும் அதில் பங்குண்டு, பழி முழுவதையும் லாம்ப்ரே மேல் போடக்கூடாது.

ஏரியில் அதைத் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். பலவீனமான இடம் இளவுயிரி. ஓடைகளின் சேற்றில் மூன்று முதல் ஏழு ஆண்டு, சில வேளை அதற்கும் மேல், ஒரே இடத்தில் கிடக்கும். ஆகவே மருந்து ஓடைக்குத்தான். மிச்சிகன் மாநில ஹாமண்ட் பே ஆய்வுநிலையத்தில் ஏறக்குறைய 6,000 வேதிப்பொருள்களைச் சோதித்து டி.எஃப்.எம். என்பதைக் கண்டுபிடித்தார்கள். 1958-ல் முதல்முறை ஓடையில் விட்டார்கள். அது செல்களின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கும். மற்ற மீன்களின் கல்லீரல் அதை மாற்றி வெளியேற்றிவிடும், லாம்ப்ரேக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. வேற்றுமை அவ்வளவுதான். அந்த இடைவெளிக்குள்தான் அளவு நிற்க வேண்டும்.

தவறுவதும் அங்கேதான். நீரின் காரத்தன்மை கூடினால் மருந்து அயனியாகி உடலுக்குள் புகாது, அதிகம் தேவைப்படும். பகலில் நீர்த்தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால் பி.எச். (அமில–கார அளவு) ஏறும், இரவில் இறங்கும். மதியக் கணக்கில் விட்ட மருந்து இரவில் மற்ற மீன்களையும் கொல்லக்கூடும். அதனால் ஓடையின் பல இடங்களில் மணிக்கணக்கில் அளந்துகொண்டே சுமார் 12 மணிநேரம் மருந்தைச் சீராக ஓடவிடுவார்கள். ஓட்டமில்லாத தேக்கங்களுக்கும் ஊற்றுநீர் கசியும் இடங்களுக்கும் மருந்து போய்ச்சேராது, அங்கே கிடப்பவை தப்பிக்கும். ஸ்டர்ஜன் மீன்குஞ்சுகள் இந்த மருந்துக்கு எளிதில் பலியாகும். ஏரிப்பகுதியின் சொந்த இனமான நான்கு வகை லாம்ப்ரேக்களும் கூடவே சாகும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யாவிட்டால் பழைய நிலைமை வந்துவிடும். கொரோனா காலத்தில் 2020-ல் வேலை குறைந்ததும் லாம்ப்ரே பெருகியது. மற்றபடி எண்ணிக்கை உச்சத்திலிருந்து ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒரு பெட்டை 35,000 முதல் ஒரு லட்சம் முட்டை வரை இடும் என்பதால் மிச்சமிருக்கும் 10 சதவீதமே போதும், மறுபடி நிரம்ப.

அதே காலத்தில் விராலடிப்பானும் அமெரிக்காவில் அருகிப்போனது, காரணம் இன்னொரு மருந்து. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மீனின் கொழுப்பில் சேர்ந்து பறவைக்குப் போய், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு போகாமல் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடைக்கே முட்டை நொறுங்கியது. வழக்கமாக மூன்று முட்டை மட்டும் இட்டு ஐந்து வாரத்துக்கும் மேல் அடைகாக்கும் பறவைக்கு அது தாங்காத இழப்பு. 1972-ல் அமெரிக்கா தடைசெய்த பிறகு மெல்லத் தேறியது. டி.எஃப்.எம். அப்படி உடலில் தங்கிச் சேர்வதில்லை.

கேள்வி: லாம்ப்ரேயைப் பறவைகள் தின்னுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தின்னும். முட்டையிட ஆழமில்லாத ஓடைக்கு ஏறி வரும்போது அது எளிதாக அகப்படும். முட்டையிட்டதும் எப்படியும் செத்துவிடும் உயிர் அது. 2015 ஜூனில் அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரில் புல்வெளியிலும் கடை வாசலிலும் லாம்ப்ரேக்கள் விழுந்துகிடந்தன. கடற்காகங்கள் ஆற்றிலிருந்து தூக்கிவந்து நழுவவிட்டிருக்கும் என்று அம்மாநில மீன்வளத் துறை சொன்னது.

கேள்வி: எங்கள் ஏரியில் லாம்ப்ரே கிடைக்கிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். விராலடிப்பானையாவது இங்கே பார்க்க முடியுமா?
– வாசகர், பொன்னேரி

பதில்: படத்தில் இருந்தது விலாங்காக இருக்கும். லாம்ப்ரே குளிர்ப்பகுதி மீன், தமிழ்நாட்டில் இல்லை. விலாங்குக்குத் தாடை உண்டு, செவுளுக்குப் பின்னே பக்கத்துக்கு ஒரு துடுப்பு உண்டு, செவுள் திறப்பு பக்கத்துக்கு ஒன்றுதான். வாயைத் திறந்து பார்த்தாலே போதும்.

விராலடிப்பான் அக்டோபரிலிருந்து மார்ச் வரை உங்கள் பக்கத்துப் பழவேற்காட்டுக்கே வரும். கோடியக்கரையிலும் பெரிய நீர்த்தேக்கங்களிலும் பார்க்கலாம். செம்பருந்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்காவி. அது நீர்ப்பரப்பில் கிடப்பதைக் காலால் அள்ளிப்போகும், நீருக்குள் விழாது. விராலடிப்பானுக்கு அடிவயிறு வெள்ளை, முதுகு கரும்பழுப்பு, கண் வழியே ஒரு கறுப்புக் கோடு. பறக்கும்போது சிறகு மணிக்கட்டில் மடிந்து கடற்காகம் போலத் தெரியும். வலைக்கம்பு, பட்டமரம், மின்கோபுரம் என்று நீரை ஒட்டிய உயரமான இடங்களில் தேடுங்கள். மீனைப் பிடித்துவிட்டால் அங்கே உட்கார்ந்து தலையிலிருந்து தின்னத் தொடங்கும், நிதானமாகப் பார்க்க அதுவே வசதியான நேரம்.